கோடியக்கரைக்குப் பறவை பார்க்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தஞ்சாவூரில் பொங்கல் வடையை முடித்துக்கொண்டு சனிக்கிழமை ஒன்பது மணிக்குப் புறப்பட்டு, உச்சி வெயிலில் கோடியக்கரை வனத்துறைச் சாவடியில் இறங்கி, "பூநாரை எங்கே நிற்கிறது?" என்று கேட்கும் குடும்பங்களை ஒவ்வொரு மார்கழியிலும் பார்க்கலாம். பூநாரை, அதாவது ஃபிளமிங்கோ, சதுப்பில்தான் நிற்கும். ஆனால் அந்த நேரத்தில் உப்பளத்துக்கு மேலே எழும் கானலில், தொலைநோக்கிக்குள் தெரிவதெல்லாம் நடுங்கும் வெள்ளைக் கோடுகளே. வெள்ளிக்கிழமை இரவே வேதாரண்யம் வந்து தங்கி, விடிவதற்குள் சதுப்போரம் நிற்பவருக்குக் கிடைக்கும் இரண்டு மணி நேரத்துக்கு, பகல் முழுவதும் சுற்றினாலும் ஈடு கிடையாது.

இதைவிடப் பெரிய தவறு, தண்ணீர் நிலவரம் விசாரிக்காமல் நாள் குறிப்பது. கோடியக்கரையோடு சேர்த்துப் பலரும் பார்க்க நினைக்கும் வடுவூரும் உதயமார்த்தாண்டபுரமும் பறவைகள் வந்து தங்கும் பாசன ஏரிகள். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடப்படும். ஆற்று நீரோடு வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்து ஏரி நிறைந்த பிறகுதான் கூழைக்கடாவும் ஊசிவால் வாத்தும் அங்கே கூட்டமாக இறங்கும். கோடை விடுமுறைதான் வசதி என்று மே மாதத்தில் பிள்ளைகளை அழைத்துப் போனால் வெடித்த ஏரித்தரையில் மேயும் ஆடுகளைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். கோடியக்கரையின் கணக்கு வேறு. பூநாரை நீரில் நடந்து, தலையைக் கவிழ்த்துச் சேற்றை அலசி உண்ணும் பறவையாதலால், பெருமழையில் சதுப்பு நிறைந்துவிட்டால் அது ஆழம் குறைந்த இடம் தேடிச் சிதறிவிடும். நீர் வடிய வடியத் திரும்பும். வடுவூருக்கு நன்மை செய்த அதே மழை, அந்த வாரம் கோடியக்கரையைக் கெடுத்துவிடக்கூடும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யத்துக்கு அருகேதான் கரை கடந்தது என்பதையும் மறக்காமல், நவம்பரில் கிளம்புகிறவர்கள் வானிலை அறிவிப்பைக் கேட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும்.

கோடியக்கரை 2002-இலும், வடுவூரும் உதயமார்த்தாண்டபுரமும் 2022-இலும், கொள்ளிடத்துக்கு வடக்கே உள்ள கரைவெட்டி ஏரி 2024-இலும், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. பட்டியலைப் பார்த்ததும் நான்கையும் இரண்டே நாளில் முடித்துவிடும் ஆசை வருகிறது. அப்படிப் போனால் சாலையைத்தான் பார்க்கலாம். கோடியக்கரைக்கு ஒன்றரை நாள், திரும்பும் வழியில் ஓர் ஏரி. அதற்கு மேல் வேண்டாம்.

தொலைநோக்கியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அதிக உருப்பெருக்கம் நல்லது என்று நம்பிப் பன்னிரண்டு மடங்குக் கருவி வாங்குகிறவர்கள், கடற்காற்றில் கை நடுங்கி ஒன்றும் தெரியாமல் தவிப்பார்கள். எட்டு மடங்கும் 42 மில்லிமீட்டர் முன்வில்லையும் கொண்டது போதும். வாங்கிய பின்பும் பெரும்பாலோர் வலது கண்வில்லையை ஒட்டி, இரு கண்களின் பார்வை வேறுபாட்டைச் சரிசெய்ய உள்ள வளையத்தைத் தொடுவதே இல்லை. நானும் தொடாமல், ஓராண்டு முழுவதும் என் கண்ணில்தான் கோளாறு என்று எண்ணியிருந்தேன். வலது பக்கத்து முன்வில்லையைக் கையால் மூடி, இடது கண்ணால் ஒரு பெயர்ப்பலகையைப் பார்த்து நடுச்சக்கரத்தால் தெளிவாக்க வேண்டும்; பிறகு இடப்பக்கத்தை மூடி, நடுச்சக்கரத்தை அசைக்காமல், அந்த வளையத்தை மட்டும் திருப்பி வலது கண்ணுக்குத் தெளிவாக்க வேண்டும். கண்ணாடி அணிந்தவர்கள் கண்வில்லையின் ரப்பர் விளிம்பை உள்ளே இறக்கிக்கொள்ளாவிட்டால் பாதிக் காட்சிதான் கிடைக்கும்.

அடுத்தது, வெள்ளையாக நிற்பதையெல்லாம் கொக்கு என்று எழுதிவிடுவது. கறுத்த அலகும் கறுத்த காலும் மஞ்சள் விரல்களுமாக இருப்பது சின்னக்கொக்கு. மஞ்சள் அலகோடு மாட்டின் காலடியில் பூச்சி பிடிப்பது உண்ணிக்கொக்கு. மன்னார்குடிச் சாலையோர வயலில் அழுக்கு வெள்ளை உடலும் கருஞ்சிறகுமாக நிற்கும் பெரிய பறவையின் அலகை மூடிய நிலையில் பாருங்கள். நடுவில் வெளிச்சம் தெரியும் அளவுக்கு இடைவெளி இருந்தால் அது நத்தை குத்தி நாரை. சதுப்பில் மேயும் சிறு கரைப்பறவைகளான உள்ளான்களை அடையாளம் காண்பது இதைவிடக் கடினம். அவை இனப்பெருக்கக் கால வண்ணத்தை உதிர்த்துவிட்டுச் சாம்பல் உடையில் வருவதால், கையேட்டில் உள்ள செம்பழுப்புப் படத்தோடு ஒப்பிட்டால் குழப்பமே மிஞ்சும். நிறத்தை விட்டுவிட்டு அலகின் நீளம், காலின் நிறம், மேயும் விதம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்வது நல்லது.

படத்துக்காக நெருங்குவதை நான் தவறு என்பதோடு நிறுத்த மாட்டேன். அது பறவைக்குச் செய்யும் தீங்கு. ஏரி மரங்களில் கூடு கட்டியிருக்கும் நாரையைக் கிளப்பிவிட்டால், அது திரும்புவதற்குள் காகம் முட்டையைக் கொத்திவிடும், அல்லது குஞ்சு வெயிலில் வாடிவிடும். கைப்பேசியில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதும் இதே வகைதான். சதுப்பின் மேல்மண் காய்ந்திருப்பதை நம்பிக் காரை இறக்குவது உங்களுக்கு நீங்களே செய்துகொள்ளும் தீங்கு. அடியில் இருப்பது களி, இழுத்துவிட டிராக்டர் தேடி அலைய வேண்டியிருக்கும்.

பூநாரையைப் பார்த்ததும் ஊர் திரும்புகிறவர்கள் கோடியக்கரைக் காட்டைத் தவறவிடுகிறார்கள். வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு அது. வெளிமானைத் தேடிப் புல்வெளிக்குப் போகிறவர்கள்கூட இந்தப் புதர்களுக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. விடியலிலும் அந்தியிலும் குரல் கொடுப்பதால் அந்தப் பெயர் பெற்ற ஆறுமணிக்குருவி, வலசை வந்த நாட்களில் அங்கே சருகைக் கிளறிக்கொண்டிருக்கும். நடந்தால் தெரியாது, ஓரிடத்தில் கால் மணி நேரம் அசையாமல் உட்கார வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மாலை வடுவூர்க் கரையில் ஐந்து மணிக்கே வண்டியை எடுத்துவிடாதீர்கள். வயலில் மேய்ந்த அரிவாள் மூக்கன்களும் கொக்குகளும் வரிசை வரிசையாக வந்து மரங்களில் அடைவது அதற்குப் பிறகுதான். அவை அடங்கும் நேரத்தில், பகலெல்லாம் இலைக்குள் உறங்கிய இராக்கொக்கு "வக்" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு, இருட்டும் ஏரியின் மேல் எதிர்த்திசையில் பறந்து போகும்.