பழைய ரெக்கார்டிங் சாஃப்ட்வேரிலிருந்து ரீப்பருக்கு மாறுவது எப்படி?

ஒரே சாஃப்ட்வேரில் வருடக்கணக்கில் பாட்டு ரெக்கார்ட் செய்து பழகியவர் புதிதாக ஒன்றைத் திறந்தால், முதல் பத்து நிமிஷம் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலத்தான் இருக்கும். மிக்ஸர் எங்கே, வெட்டுகிற கத்தரிக்கோல் எங்கே என்று தேடுவதிலேயே பாட வந்த மூடு போய்விடும். இத்தனைக்கும் உங்களுக்கு ரெக்கார்டிங் தெரியாமல் இல்லை, கம்ப்ரஸர் என்ன செய்யும், ரிவர்ப் எவ்வளவு போட வேண்டும் எல்லாம் தெரியும், கைதான் பழைய இடத்துக்கே போகிறது. அதனால் மேனுவலை முதல் பக்கத்திலிருந்து படிக்க உட்கார வேண்டாம். நீங்கள் அன்றாடம் செய்யும் வேலைகள் எவை, அவற்றுக்கு இங்கே எந்த பட்டன், இவ்வளவு தெரிந்தால் ஆரம்பிக்கப் போதும்.

ரீப்பர் (Reaper) என்ற ரெக்கார்டிங் சாஃப்ட்வேரை வைத்துச் சொல்கிறேன். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், 60 நாள் முழு வசதியோடும் சோதித்துப் பார்க்கலாம். வேறு எதற்கு மாறினாலும் வரிசை இதேதான், பட்டன்கள் மட்டும் மாறும். மேக் வைத்திருப்பவர்கள் நான் கன்ட்ரோல் என்று சொல்லும் இடத்தில் கமாண்ட் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் ஒரு பட்டியல்

பழைய சாஃப்ட்வேரைத் திறந்து வழக்கம்போல ஒரு பாட்டில் வேலை செய்யுங்கள். பக்கத்தில் ஒரு தாள். கை எதையெல்லாம் செய்கிறதோ அதை எழுதுங்கள்: புது ட்ராக் போட்டேன், கிளிக் (தாளம் காட்டும் சத்தம்) ஆன் செய்தேன், ரெக்கார்ட், வெட்டினேன், நகர்த்தினேன், ஃபேட் போட்டேன், ஜூம், எக்ஸ்போர்ட். பெரும்பாலும் பதினைந்து இருபது வேலைக்கு மேல் வராது. ஆயிரம் வசதி இருக்கிற சாஃப்ட்வேரில் நாம் புழங்குவது அவ்வளவுதான்.

2. சத்தம் வரட்டும்

ரீப்பரைப் போட்டதும் கன்ட்ரோல்+பி (P) அழுத்தி ப்ரிஃபரன்ஸஸ் திறந்து, ஆடியோ பகுதியில் டிவைஸுக்குப் போங்கள். விண்டோஸில் உங்கள் ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கையும் கிட்டாரையும் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி) கம்பெனி கொடுத்த ஏசியோ (ASIO) டிரைவரைத் தேர்ந்தெடுங்கள், மேக்கில் இன்டர்ஃபேஸின் பெயரே வரும். பழைய சாஃப்ட்வேரை அப்போது மூடி வையுங்கள், சில ஏசியோ டிரைவர்கள் ஒரே நேரத்தில் இரண்டு புரோகிராமுக்கு இடம் கொடுக்காது, பிறகு "சத்தமே வரவில்லை" என்று புது சாஃப்ட்வேரைத் திட்டுவோம்.

பஃபர் சைஸ், அதாவது கம்ப்யூட்டர் ஒரு தடவையில் எடுத்துக்கொள்ளும் சத்தத் துண்டின் அளவு, ரெக்கார்டிங்குக்கு 128 சாம்பிள் வையுங்கள். 48,000 சாம்பிள் ரேட்டில் 128 என்றால் சுமார் 2.7 மில்லிசெகண்ட், 1024 என்றால் 21 மில்லிசெகண்டுக்கு மேல். உள்ளே வரும்போது ஒரு பஃபர், வெளியே போகும்போது ஒரு பஃபர் என்று இது இரட்டிப்பாகும் என்பதால், 1024-இல் ஹெட்ஃபோனில் உங்கள் குரல் பின்தங்கியே கேட்கும். மிக்ஸிங்குக்கு வரும்போது ஏற்றிக்கொள்ளலாம்.

3. புதிதாக ஒரு சின்ன பாட்டு

பழைய பாட்டைத் தூக்கிக்கொண்டு வர அவசரப்படாதீர்கள். எட்டு பார் (தாளச் சுற்று) போதும், ஒரு கிட்டார், ஒரு குரல்.

எதையும் ரெக்கார்ட் செய்வதற்கு முன் சேவ் செய்யுங்கள். சேவ் விண்டோவில் ப்ராஜெக்டுக்குத் தனி ஃபோல்டர் உருவாக்கும் டிக் ஒன்று இருக்கும், அதைப் போட்டுவிடுங்கள். சேவ் செய்யாமலே ரெக்கார்ட் செய்தால் ஆடியோ ஃபைல்கள் வேறெங்கோ ஒரு பொது ஃபோல்டரில் போய் விழும், நாளைக்கு ஹார்ட் டிஸ்க் மாற்றும்போது தேட வேண்டியிருக்கும்.

கன்ட்ரோல்+டி (T) அழுத்தினால் ட்ராக் வரும். அதில் சிவப்பு வட்ட பட்டனை அழுத்துங்கள், இன்புட் எந்தச் சேனல் என்று தேர்ந்தெடுங்கள், கன்ட்ரோல்+ஆர் அழுத்திப் பாடுங்கள், ஸ்பேஸ் அழுத்தி நிறுத்துங்கள். உங்கள் குரல் இரண்டு முறை கேட்டால், இன்டர்ஃபேஸின் டைரக்ட் மானிட்டரும் ரீப்பரின் மானிட்டர் பட்டனும் சேர்ந்து வேலை செய்கின்றன என்று அர்த்தம், ஒன்றை அணையுங்கள்.

4. கை தடுமாறும் இடங்கள்

மாறுகிறவர்கள் பாதியில் விட்டுவிட்டுப் போவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் மவுஸ் சக்கரம். வேறு சாஃப்ட்வேரில் அதை உருட்டினால் ட்ராக்குகள் மேலும் கீழும் போகும். ரீப்பரில் உருட்டினால் ஜூம் ஆகும். "ஐயோ, என் பாட்டு எங்கே போச்சு" என்று பலரும் பதறுவது இதனால்தான், பாட்டு எங்கும் போகவில்லை, நீங்கள் ஒரே ஒரு நோட்டுக்குள் போய் நிற்கிறீர்கள். ஆல்ட் பிடித்துக்கொண்டு உருட்டினால் பக்கவாட்டில் நகரும், கன்ட்ரோல் பிடித்து உருட்டினால் ட்ராக்குகளின் உயரம் கூடும், குறையும். இது பிடிக்கவே இல்லை என்றால், கீழே சொல்லப்போகும் ஆக்‌ஷன்ஸ் பட்டியலில் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஒரு வாரம் பொறுத்துப் பாருங்கள், எடிட்டிங்கில் இது உண்மையிலேயே வேகம்.

அடுத்து ட்ராக் வகை. ஆடியோ ட்ராக், மிடி ட்ராக் (சத்தத்துக்குப் பதில் எந்த நோட், எப்போது என்ற குறிப்பு மட்டும் இருப்பது), குரூப் சேனல் என்று தனித்தனியாகத் தேடுவீர்கள், கிடைக்காது. ரீப்பரில் ட்ராக் என்பது ஒரே வகை, அதில் ஆடியோவும் போடலாம், மிடியும் போடலாம். நாலு கோரஸ் ட்ராக்குக்கும் சேர்த்து ஒரே ஃபேடர் வேண்டுமா? மேலே ஒரு புது ட்ராக் போட்டு, அந்த நாலையும் அதற்குள் இழுத்து விடுங்கள். மேலே இருப்பது ஃபோல்டர் ஆகிவிடும், உள்ளே இருக்கிற எல்லாவற்றின் சத்தமும் அதன் வழியாகத்தான் வெளியே போகும். அதன் எஃப்எக்ஸ் பட்டனை அழுத்தி ஒரு கம்ப்ரஸர் போட்டால் முழு கோரஸுக்கும் போட்ட மாதிரி. பஸ், ரூட்டிங் என்று தனியாக ஒரு ஜன்னலைத் திறக்க வேண்டியதே இல்லை.

ஸ்பேஸ் பாரும் பழகக் கொஞ்சம் நேரம் எடுக்கும். நிறுத்தினால் கர்சர் ஆரம்பித்த இடத்துக்கே திரும்பும். நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும் என்றால் என்டர்.

வெட்டுவதற்குக் கத்தரிக்கோல் எடுக்க வேண்டாம், கர்சரை வைத்து 'எஸ்' அழுத்தினால் போதும். ஃபேட் வேண்டும் என்றால் துண்டின் மேல் மூலையைப் பிடித்து உள்ளே இழுங்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பாடினால் பழையது அழியாமல் டேக்குகளாகச் சேரும், 'டி' (T) அழுத்தினால் அடுத்த டேக். மிக்ஸர் வேண்டுமா, கன்ட்ரோல்+எம்.

இதெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, ஏனென்றால் கேள்விக்குறி விசையை அழுத்தினால் ஆக்‌ஷன்ஸ் பட்டியல் திறக்கும். ரீப்பர் செய்யக்கூடிய எல்லா வேலையும் அதில் இருக்கிறது. நீங்கள் தாளில் எழுதிய பட்டியலை இப்போது எடுத்து, ஒவ்வொன்றாக அதில் தேடி, எதிரே விசையை எழுதிக்கொள்ளுங்கள். மானிட்டர் ஓரத்தில் ஒட்டி வைத்தால் இன்னும் நல்லது.

பழைய சாஃப்ட்வேர் போலவே தோற்றம் தரும் தீம்கள் இணையத்தில் கிடைக்கின்றன. என்னைக் கேட்டால் வேண்டாம் என்பேன். பார்க்க அதே மாதிரி இருக்கும், தொட்டால் வேறு மாதிரி நடந்துகொள்ளும், குழப்பம் இரட்டிப்பாகும்.

5. பழைய பாட்டைக் கொண்டு வருவது

ஒரு சாஃப்ட்வேரின் ப்ராஜெக்ட் ஃபைலை இன்னொன்று அப்படியே திறக்கும் என்று நம்பியிருக்காதீர்கள். டாப்ராஜெக்ட் (DAWproject) என்று ஒரு பொது வடிவம் 2023-இல் வந்திருக்கிறது, சில சாஃப்ட்வேர்கள் அதை ஏற்கின்றன, ஆனால் எல்லா இடத்திலும் செல்லுபடியாகும் வழி இன்றைக்கும் ஸ்டெம்ஸ்தான். அதாவது ஒவ்வொரு ட்ராக்கையும் தனித்தனி வேவ் ஃபைலாக வெளியே எடுப்பது.

எடுக்கும்போது எல்லா ஃபைலும் முதல் பாரிலிருந்தே ஆரம்பிக்கட்டும். குரல் இரண்டாவது நிமிஷத்தில்தான் வருகிறது என்றாலும் முன்னால் இருக்கும் மௌனத்தோடு சேர்த்தே எடுங்கள், அப்போதுதான் ரீப்பரில் எல்லாவற்றையும் பூஜ்யத்தில் வைத்தால் தானாகப் பொருந்தும். 24 பிட் அல்லது 32 பிட் ஃப்ளோட் எதுவானாலும் சரி, நார்மலைஸ் (சத்த அளவைத் தானாக ஏற்றுவது) மட்டும் ஆஃப். மாஸ்டரில் லிமிட்டர் இருந்தால் அணைத்துவிடுங்கள்.

பழைய சாஃப்ட்வேரோடு வந்த ப்ளகின்கள் (எஃபெக்ட், வாத்தியம் தரும் துணை புரோகிராம்கள்) புதியதில் இருக்காது. அதனால் அந்த எஃபெக்டோடு ஒரு ஃபைல், எஃபெக்ட் இல்லாமல் ஒரு ஃபைல் என இரண்டு எடுங்கள். மிடி ட்ராக்குகளுக்கும் அதே மாதிரி, சத்தமாக ஒரு ஃபைல், மிடி ஃபைலாக ஒன்று. தனியாக வாங்கிய ப்ளகின்கள் என்றால் பிரச்சனை குறைவு, ஆனால் ப்ரீசெட்டை அந்த ப்ளகினின் சொந்த மெனுவில் சேவ் செய்யுங்கள், சாஃப்ட்வேரின் மெனுவில் செய்தால் அங்கேயே தங்கிவிடும். ப்ரோ டூல்ஸ் சாஃப்ட்வேருக்கான ஏஏஎக்ஸ் (AAX) வகை ப்ளகின் ரீப்பரில் ஓடாது, அதே ப்ளகினின் விஎஸ்டி (VST) வடிவத்தை இன்ஸ்டால் செய்ய வேண்டும்.

ரீப்பருக்கு வந்ததும் ஆல்ட்+என்டர் அழுத்தி ப்ராஜெக்ட் செட்டிங்ஸில் சாம்பிள் ரேட்டையும் டெம்போவையும் போட்டுவிட்டு, அதற்குப் பிறகுதான் ஃபைல்களை இழுத்துப் போட வேண்டும். இந்த வரிசை மாறக்கூடாது. சாதாரணமாக ரீப்பர் ஆடியோவை டெம்போவோடு கட்டி வைத்திருக்கும். ஃபைல்களைப் போட்ட பிறகு 120-ஐ 96 ஆக்கினால் நீங்கள் பாடியதும் சேர்ந்து நீளும், இழுத்து இழுத்துப் பாடியது போல.

இப்போது ப்ளே செய்து பாருங்கள், மிக்ஸ் கொஞ்சம் வித்தியாசமாகக் கேட்கலாம். உடனே "இந்த சாஃப்ட்வேரின் சவுண்டே வேறு" என்று முடிவுக்கு வந்துவிடாதீர்கள், இணையத்தில் அந்தச் சண்டை வருடக்கணக்காக ஓடுகிறது. பெரும்பாலும் காரணம் பேன் லா, அதாவது சத்தத்தை இடது, வலது, நடு என்று வைக்கும்போது அளவு எப்படி மாறும் என்ற கணக்கு. மோனோ ட்ராக் நடுவில் இருக்கும்போது சில சாஃப்ட்வேர்கள் அதை 3 டெசிபல் குறைக்கும். ரீப்பர் இயல்பாகக் குறைக்காது, அதனால் நடுவில் இருக்கும் குரலும் பேஸும் ஓரத்தில் இருப்பவற்றைவிடத் தூக்கலாகக் கேட்கும். ப்ராஜெக்ட் செட்டிங்ஸிலேயே இதைப் பழைய அளவுக்கு மாற்றலாம்.

சந்தேகம் தீரவில்லையா? பழையதிலிருந்து எடுத்த முழு மிக்ஸை ஒரு ட்ராக்கில் போட்டு, அதன் ஃபேஸ் பட்டனை (ஒலி அலையைத் தலைகீழாக்குவது) அழுத்தி, எல்லாவற்றையும் சேர்த்து ஓடவிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மௌனம்தான் மிஞ்சும். ஏதாவது ஒரு வாத்தியம் மட்டும் கேட்கிறது என்றால் வித்தியாசம் அந்த ட்ராக்கில்தான்.

6. விசைகளை எப்போது மாற்றுவது

அந்த எட்டு பார் பாட்டை ரெண்டர் செய்து (கன்ட்ரோல்+ஆல்ட்+ஆர்) வெளியே எடுத்த பிறகு. அதற்குள் எந்த விசை கைக்கு வந்துவிட்டது, எதில் இன்னும் தடுமாறுகிறீர்கள் என்பது தெரிந்திருக்கும். தடுமாறுவதை மட்டும் ஆக்‌ஷன்ஸ் பட்டியலில் பழைய விசைக்கு மாற்றி, அந்த அமைப்பை அங்கிருந்தே எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள். வேறு கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாலும் இம்போர்ட் செய்துகொள்ளலாம்.

பழைய சாஃப்ட்வேரை இப்போதைக்கு அன்இன்ஸ்டால் செய்ய வேண்டாம். எந்தப் பாட்டுக்கெல்லாம் ஸ்டெம்ஸ் எடுத்தாகிவிட்டது என்று ஒரு குறிப்பு வைத்துக்கொண்டு, கடைசிப் பாட்டும் முடிந்த பிறகு எடுத்துவிடுங்கள்.