இருக்கிற வீட்டைக் கம்பெனி பெயருக்கு மாற்றும் முன்

இங்கிலாந்துக்கு வந்த நம்மவர்கள் பலர் போகும் பாதை ஒன்றுதான். முதலில் ஈஸ்ட் ஹாமிலோ ஹாரோவிலோ ஒரு ஃபிளாட் வாங்குவார்கள். பிள்ளைகள் வளர்ந்ததும் நல்ல பள்ளிக்கூடம் இருக்கிற ஊராகப் பார்த்து வீடு வாங்கிக் குடிபோவார்கள். பழைய ஃபிளாட்டை விற்க மனம் வராது, வாடகைக்கு விடுவார்கள். மறு வருடம் வரிக் கணக்குப் போடும்போதுதான் நெஞ்சு திக்கென்கும். அந்த நேரம் பார்த்துக் கோயிலிலோ பிறந்தநாள் விழாவிலோ யாராவது ஒருவர், "லிமிடெட் கம்பெனி ஒண்ணு தொடங்கி வீட்டை அது பேருக்கு மாத்திடுங்க, வரி பாதிக்குப் பாதி குறையும்" என்பார். கம்பெனி தொடங்குவதில் தவறில்லை. இருக்கிற வீட்டை அதன் பெயருக்கு மாற்றுவதில்தான் ஐம்பதாயிரம் பவுண்டுக்கு மேல்கூடப் பறிபோகிறது. இந்த வழிகாட்டி முக்கியமாக அதைப் பற்றியது.

கம்பெனிப் பேச்சு எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிடலாம். சொந்தப் பெயரில் உள்ள வீட்டை வாடகைக்கு விட்டால், மார்கேஜ் வட்டியைச் செலவாகக் கழிக்க முடியாது. சட்டம் 2015-ல் வந்தது. 2017 ஏப்ரலில் தொடங்கி, 2020 ஏப்ரலில் முழுதாக அமலானது. வட்டியில் 20 சதவீதத்தை மட்டும் கட்டவேண்டிய வரியில் குறைத்துக்கொள்வார்கள். 40 சதவீத வரம்பில் சம்பளம் வாங்குகிறவருக்கு, வங்கிக்குப் போய்விட்ட பணத்துக்கும் வரி விழுகிறது. கம்பெனிக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. வட்டி முழுதும் செலவுதான். மிச்சமுள்ள லாபம் 50,000 பவுண்டுக்குள் இருந்தால் 19 சதவீதம், 2,50,000-ஐத் தாண்டினால் 25 சதவீதம், நடுவில் படிப்படியாக ஏறும்.

ஆகவே அடுத்து வாங்கப்போகும் வீட்டைக் கம்பெனி பெயரில் வாங்கலாமா என்று யோசிப்பதில் நியாயம் இருக்கிறது. ஏற்கனவே உங்கள் பெயரில் இருக்கிற வீட்டுக்குக் கணக்கே வேறு.

ஊரில் அப்பா பெயரிலிருந்து பிள்ளை பெயருக்குச் செட்டில்மெண்ட் பத்திரம் எழுதினால் சலுகைக் கட்டணத்தோடு வேலை முடிந்துவிடும். இலங்கையில் நன்கொடை உறுதி எழுதுவார்கள். பணம் கைமாறவில்லை, சொத்தும் குடும்பத்தை விட்டுப் போகவில்லை, பிறகென்ன என்ற எண்ணம் நமக்குள் ஊறிப்போனது. அதே நினைப்பில்தான் இங்கேயும் "என் வீடு, என் கம்பெனி, நூறு பங்கும் என்னுடையது" என்று பார்க்கிறோம். இங்குள்ள சட்டத்துக்குக் கம்பெனி என்பது இன்னொரு ஆள். அந்த ஆளுக்கு நீங்கள் வீட்டை விற்கிறீர்கள். பத்திரத்தில் ஒரு பவுண்ட் என்று எழுதினாலும், இனாம் என்று எழுதினாலும், வரிக்கு எடுத்துக்கொள்வது அன்றைய சந்தை விலையைத்தான்.

எண்களைப் போட்டுப் பார்த்தால்தான் இது உறைக்கும். 2,20,000 பவுண்டுக்கு வாங்கிய ஃபிளாட் இன்று 3,20,000 போகிறது, மார்கேஜ் 1,80,000 பாக்கி என்று வையுங்கள். வாங்குகிற கம்பெனி ஸ்டாம்ப் டியூட்டி கட்ட வேண்டும். கம்பெனிக்கு இதுதான் முதல் வீடு என்றாலும், கூடுதல் வீட்டுக்கான 5 சதவீதம் சேர்ந்தே வரும். 2024 அக்டோபர் 30 வரை இது 3 சதவீதமாகத்தான் இருந்தது. பழைய விகிதத்தில் கணக்குப் போட்ட தாளை நம்பி இறங்கினால் மாட்டிக்கொள்வீர்கள். இப்போது முதல் 1,25,000-க்கு 5 சதவீதம், அடுத்த 1,25,000-க்கு 7, மீதி 70,000-க்கு 10. கூட்டினால் 22,000 பவுண்ட். இதை 14 நாளுக்குள் கட்ட வேண்டும்.

விற்கிறவர் நீங்கள். ஒரு லட்சம் லாபம் வந்ததாகக் கணக்கு. வருட விலக்கு 3,000 போக 97,000-க்கு 24 சதவீதம் கேபிடல் கெயின்ஸ் வரி, அதாவது 23,280. இதற்கு 60 நாள் கெடு. அந்த ஃபிளாட்டில் நீங்கள் குடியிருந்த காலத்துக்கும் கடைசி 9 மாதத்துக்கும் விலக்கு கிடைக்கும், அதனால் சிலருக்கு இந்தத் தொகை குறையும். அந்தத் தேதிகளைக் காட்ட கவுன்சில் டாக்ஸ் பில்களைப் பத்திரமாக வைத்திருங்கள். பிறகு மார்கேஜ். உங்கள் பெயரில் உள்ள கடனைக் கம்பெனி பெயருக்கு அப்படியே தூக்கிப்போட முடியாது. பழையதை அடைத்துவிட்டுப் புதிதாக வாங்க வேண்டும். வட்டி மாறாத ஃபிக்ஸட் காலம் முடியாமல் அடைத்தால் அபராதம் உண்டு. 3 சதவீதம் என்றாலும் 5,400 பவுண்ட். மூன்றையும் கூட்டினால் 50,680. சொலிசிட்டர் கட்டணம், மதிப்பீட்டுக் கட்டணம், கடன் தரும் லெண்டரின் கட்டணம் எல்லாம் இதற்கு மேல். உண்மையான விற்பனையில் கையில் பணம் வரும், அதிலிருந்து வரி கட்டலாம். இங்கே ஒரு பென்னி வராது. வரியை மட்டும் சேமிப்பிலிருந்து எடுத்துக் கட்ட வேண்டும்.

இவ்வளவு கொடுத்து மிச்சமாவது என்ன? அதே ஃபிளாட்டுக்கு வருட வாடகை 18,000, மற்ற செலவு 3,000, வட்டி 5 சதவீதத்தில் 9,000 என்று கொள்ளுங்கள். சொந்தப் பெயரில் வைத்திருந்தால் 15,000-க்கு 40 சதவீதம் 6,000, அதில் வட்டிச் சலுகை 1,800 போக வரி 4,200. கையில் நிற்பது 1,800. கம்பெனி மார்கேஜுக்கு வட்டி சற்று கூட இருக்கும். 5.5 சதவீதம் என்றால் 9,900. அக்கவுண்டன்ட்டுக்கு 1,000. லாபம் 4,100, அதற்கு 19 சதவீத வரி 779, நிற்பது 3,321. வருடத்துக்கு 1,521 பவுண்ட் லாபம். போட்ட 50,680-ஐ எடுக்க 33 வருடம் ஆகும். 2027 ஏப்ரலிலிருந்து வாடகை வருமானத்துக்கு 22, 42, 47 என்று தனி விகிதங்கள் அறிவித்திருக்கிறார்கள். அதைப் போட்டுப் பார்த்தாலும் சொந்தப் பெயரில் கட்டும் வரி 120 பவுண்ட்தான் கூடுகிறது. இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டாமல் "மாத்திடுங்க" என்று சொல்கிற யாரையும் நம்பாதீர்கள்.

இதைச் சொன்னால் அடுத்த யோசனை தயாராக வரும்: "பட்டாவை மாத்த வேண்டாம், டிரஸ்ட் பத்திரம் எழுதினா போதும். மார்கேஜ் உங்க பேரிலேயே இருக்கட்டும், பலன் மட்டும் கம்பெனிக்கு." இதற்கென்று ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்குகிறார்கள். கோபம் வருவது இங்கேதான். கேபிடல் கெயின்ஸுக்கும் ஸ்டாம்ப் டியூட்டிக்கும் கணக்கில் வருவதே அந்தப் பலன் உரிமைதான் (வாடகையும் விற்ற லாபமும் யாருக்கு என்பது), அதைக் கைமாற்றுவதே விற்பனை. அதோடு லெண்டருக்குத் தெரியாமல் செய்தால் மார்கேஜ் ஒப்பந்தத்தை மீறியதாகும். எல்எல்பி கூட்டாண்மை ஒன்றை உருவாக்கி அதில் கம்பெனியையும் உறுப்பினராக்கி லாபத்தைத் திருப்பிவிடும் திட்டங்களைப் பற்றி வரித்துறையான எச்எம்ஆர்சி 2023 அக்டோபரிலேயே வெளிப்படையாக எச்சரித்தது. பிடிபட்டால் வரி, வட்டி, அபராதம் மூன்றும் உங்கள் தலையில்தான். திட்டத்தை விற்றவர் வாங்கிய கட்டணத்தோடு போய்விடுவார்.

முறையான சலுகையும் ஒன்று இருக்கிறது. வீடுகளை நடத்துவதே ஒரு தொழிலாக இருந்தால், அந்தத் தொழில் முழுவதையும் கம்பெனிக்குக் கொடுத்துப் பதிலுக்குப் பங்குகள் வாங்கும்போது கேபிடல் கெயின்ஸ் வரி தள்ளிப்போகும். எது தொழில் என்பதற்கு எல்லோரும் காட்டுவது 2013-ல் வந்த ராம்சே வழக்கின் தீர்ப்பு. பெல்ஃபாஸ்டில் பத்து ஃபிளாட்டுகளாகப் பிரித்த ஒரு கட்டிடம், வழக்குப் போட்ட ராம்சே அம்மாள் வாரம் சுமார் 20 மணி நேரம் அதற்காக உழைத்தார். ஏஜெண்ட் பார்த்துக்கொள்ளும் ஒற்றை ஃபிளாட் வைத்திருப்பவர் அந்தத் தீர்ப்பின் நிழலில் ஒதுங்க முடியாது. ஸ்டாம்ப் டியூட்டிக்கு அந்தச் சலுகை பொருந்தவும் பொருந்தாது.

பழைய ஃபிளாட்டுக்குச் செய்யக்கூடியது வேறொன்று. கணவன் மனைவியில் ஒருவருக்குச் சம்பளம் குறைவு, அல்லது இல்லை என்றால், பங்கை அவர் பக்கம் கூட்டலாம். சேர்ந்து வாழும் தம்பதிக்குள் கேபிடல் கெயின்ஸ் வரி வராது. கூடுதல் 5 சதவீதமும் வராது. பாதிப் பங்கை மாற்றினால், மார்கேஜில் அவர் ஏற்கும் பாதித் தொகையே அதன் விலையாகக் கருதப்படும். மேலே சொன்ன ஃபிளாட்டுக்கு அது 90,000 பவுண்ட், 1,25,000-க்குள் இருப்பதால் ஸ்டாம்ப் டியூட்டி இல்லை. லெண்டரின் சம்மதம் வேண்டும். இருவர் பெயரிலும் உள்ள வீட்டில் சரிபாதி அல்லாத பங்கு என்றால், பத்திரம் எழுதி, பங்கு விவரம் சொல்லும் ஃபார்ம் 17-ஐ 60 நாளுக்குள் எச்எம்ஆர்சிக்கு அனுப்ப வேண்டும். கெடு தவறினால் அந்தப் படிவம் செல்லாது.

இனி, அடுத்த வீட்டுக்காகக் கம்பெனி தொடங்குவது. வேலை ஒரு மாலைப் பொழுதில் முடியும். கம்பெனிகளைப் பதியும் அரசு அலுவலகமான கம்பனீஸ் ஹவுஸ் தளத்திலேயே நேரடியாகப் பதியலாம். கட்டணம் 2024 மேயில் 12-லிருந்து 50 பவுண்ட் ஆனது, பிறகும் ஏறியது, அதனால் அன்றைய தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். 2025 நவம்பர் 18 முதல் டைரக்டர்கள் முதலில் அடையாளச் சரிபார்ப்பை முடிக்க வேண்டும், 25 சதவீதத்துக்கு மேல் பங்குள்ளவர்களும் அதைச் செய்ய வேண்டும். தொழில் குறியீடு கேட்கும் இடத்தில் 68209 கொடுங்கள், வாங்கி விற்கும் எண்ணமும் இருந்தால் 68100-ஐயும் சேருங்கள். ஐடி கான்ட்ராக்ட்டுக்காக ஏற்கனவே வைத்திருக்கும் கம்பெனியில் வீட்டை வாங்கப் பார்க்காதீர்கள், பெரும்பாலான லெண்டர்கள் சொத்துக்கென்றே தொடங்கிய கம்பெனியைத்தான் விரும்புவார்கள். கம்பெனிக் கடன் என்றாலும் டைரக்டர்கள் சொந்த உத்தரவாதக் கையெழுத்துப் போட வேண்டும். "லிமிடெட்" என்ற சொல் அங்கே உங்களைக் காப்பாற்றாது. மாணவர் விசாவில் இருப்பவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். மற்ற விசாக்காரர்கள் நிபந்தனைகளை வழக்கறிஞரிடம் காட்டிவிட்டு இறங்குங்கள்.

டெபாசிட் பணத்தை எப்படி உள்ளே கொண்டுவருகிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். 80,000 பவுண்ட் போடுகிறீர்கள் என்றால், 100 பவுண்ட் பங்கு முதலாகவும் மீதி முழுதும் டைரக்டர் கொடுத்த கடனாகவும் எழுதுங்கள். கடனாக இருந்தால் வாடகை வரவர வரியில்லாமல் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். முழுவதையும் பங்கு முதலாக்கினால் அது உள்ளேயே சிக்கிக்கொள்ளும், லாபத்தை டிவிடெண்ட் வரி கட்டித்தான் எடுக்க வேண்டும். கொடுத்ததற்கு மேல் எடுத்து, கணக்காண்டு முடிந்து ஒன்பது மாதம் ஒரு நாளுக்குள் திருப்பிப் போடாவிட்டால், எடுத்ததில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கம்பெனி வரியாகக் கட்ட நேரும். சீட்டு எடுத்த பணமும் கைமாற்றும் சொலிசிட்டர் மேசையில் நிற்காது. எங்கிருந்து வந்தது என்பதை வங்கிக் கணக்கில் மாதக்கணக்கில் காட்டவேண்டியிருக்கும். ஊரிலிருந்து பணம் தரும் பெற்றோருக்கு நன்றிக்கடனாகப் பெரும்பான்மைப் பங்கு கொடுத்துவிடாதீர்கள். கம்பெனி வெளிநாட்டில் வசிப்பவர் கட்டுப்பாட்டில் இருந்தால் ஸ்டாம்ப் டியூட்டி இன்னும் 2 சதவீதம் ஏறும். வாங்குவதற்கு முந்தைய ஒரு வருடத்தில் 183 நாளாவது இங்கே இருந்திராத புதியவருக்கும் இதே கதி.

வீடு கம்பெனியுடையது ஆனபின் தம்பி, தங்கை வந்தால் அங்கே குடிவைக்காதீர்கள், முழு வாடகை வாங்கினாலும் சரி. கம்பெனியின் ஒரே வீட்டில் நெருங்கிய உறவு குடியிருந்தால் கம்பெனி லாபத்துக்கான வரி 19 சதவீதம் போய் 25 சதவீதம் வரும். வீட்டின் மதிப்பு 5,00,000-க்கு மேல் என்றால் கம்பெனி பெயரில் உள்ள வீடுகளுக்கான ஏடெட் என்ற வருட வரியில் வாடகை வீட்டுக்குக் கிடைக்கும் விலக்கும் போய்விடும். விலக்கு இருக்கும்போதும் வருடாவருடம் ஏப்ரல் 30-க்குள் படிவம் கொடுத்தே ஆக வேண்டும். உறவை வீட்டில் வைத்துக்கொள்ளாமல் எப்படி என்று மனம் கேட்காது. நீங்கள் குடியிருக்கும் வீட்டில் ஓர் அறை கொடுங்கள்.

வருடக் கணக்கு, கம்பெனி விவரங்களை உறுதிசெய்யும் கன்ஃபர்மேஷன் ஸ்டேட்மெண்ட், கார்ப்பரேஷன் வரி எல்லாவற்றுக்கும் கெடு உண்டு. கணக்கு ஒரு நாள் தாமதித்தாலும் 150 பவுண்ட், ஆறு மாதம் தாண்டினால் 1,500, அடுத்த வருடமும் தவறினால் இரட்டிப்பு. அபராதத்தைவிடப் பெரிய ஆபத்து, கம்பெனி செயல்படவில்லை என்று பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கிவிடுவது. நீக்கிய அன்றே கம்பெனி பெயரில் உள்ள வீடு அரசுடமையாகும். மார்கேஜ் மட்டும் உங்கள் உத்தரவாதத்தில் தொடரும். ஆறு வருடத்துக்குள் விண்ணப்பித்துக் கம்பெனியை மீட்கலாம், பாக்கிக் கணக்கு, அபராதம், கட்டணம் எல்லாம் கட்டிய பிறகு. நீக்கும் முன் எச்சரிக்கைக் கடிதம் பதிவு முகவரிக்குத்தான் வரும். நாம் அடிக்கடி வீடு மாறுகிறவர்கள். வீடு மாறினால் அந்த வாரமே கம்பனீஸ் ஹவுஸில் முகவரியை மாற்றுங்கள். பழைய வீட்டுக்கு வரும் தபாலை ஒரு வருடத்துக்காவது திருப்பிவிட ராயல் மெயிலிலும் சொல்லி வையுங்கள்.