ஆக்சா பிளேடில் எத்தனை பல்?

குறுவைக்கு முன் போர்வெல் பைப் அறுக்கும்போது பிளேடு பல் கொட்டுகிறதா? பெரும்பாலும் பல் எண்ணிக்கைதான் பொருந்தவில்லை. அறுபடும் கனத்தில் எப்போதும் 3 பல்லாவது படிய வேண்டும். இல்லாவிட்டால் ஓரம் இரு பல்லுக்கு நடுவே மாட்டிப் பல்லைப் பிடுங்கிவிடும். அங்குலத்துக்கு 24 பல் என்றால் பல்லுக்குப் பல் ஏறக்குறைய 1 மி.மீ. ஆகவே 3.6 மி.மீ. கனமுள்ள ஜிஐ பைப்புக்கு அது போதும். மெல்லிய டியூப், தகடுக்கு 32 பல்; 25 மி.மீ. இரும்புக் கம்பிக்கு 18 பல். கம்பிக்கு நெருக்கப் பல் போட்டால் துகள் அடைத்து வெறுமனே வழுக்கும்.

பைப்பை ஒரே மூச்சில் அறுக்காமல், உள்சுவர் தொட்டதும் கொஞ்சம் திருப்பிக்கொள்ளுங்கள். பல் முன்னோக்கி இருக்கட்டும். பாதியில் பிளேடு மாற்றினால் பழைய வெட்டில் நுழைக்காதீர்கள்: தேய்ந்த பிளேடு போட்ட வெட்டு குறுகல், புதுசு சிக்கி ஒடியும். மறுபக்கத்திலிருந்து தொடங்குங்கள்.