தறி குடோன்ல காதுக்கு பிளக் மாட்டுறது எப்படிங்க?

சோமனூர், பல்லடம், பள்ளிபாளையம்னு எங்க போனாலும் தறி ஓட்டுறவங்க நெறைய பேரு காதுல வேஸ்ட் பஞ்சை திணிச்சுக்குவாங்க, அது சத்தத்தை பெருசா தடுக்காதுங்க. மெடிக்கல்ல, சேஃப்டி சாமான் கடைல மஞ்ச கலர் ஃபோம் பிளக் கேளுங்க, வெலை ரொம்ப கம்மிதான்.

மொதல்ல சத்தம் எவ்ளோன்னு பாருங்க. கை நீட்டுற தூரத்துல நிக்கறவங்க கிட்ட கத்தித்தான் பேசணும்னா 85 டெசிபலை தாண்டிருச்சுன்னு வெச்சுக்கலாம், நாடா தறி குடோன்ல 95, 100 எல்லாம் சகஜம். நம்ம ஊரு சட்டம் 8 மணி நேரத்துக்கு 90 வரைக்கும் விடுது, எனக்கு கேட்டா அதுவே ஜாஸ்தி.

அடுத்து மாட்டுறது. கையை கழுவி தொடைச்சுட்டு, பிளக்கை விரல்ல மடிப்பு விழாம ஒல்லியா உருட்டுங்க. வலது காதுன்னா இடது கையை தலைக்கு மேல கொண்டு வந்து காது மடலை மேலயும் பின்னாடியும் இழுங்க, உள்ள வளைஞ்சு கெடக்கற ஓட்டை அப்பத்தான் நேராகும். சட்டுனு உள்ள விட்டு, அது உப்புற வரைக்கும் ஒரு அரை நிமிசம் விரலால அழுத்திப் புடிங்க. இந்த அரை நிமிசத்தை விட்டுட்டுத்தான் "பிளக் வேலையே செய்யலைங்ணா"ங்கறாங்க!

செக் பண்ணனும்னா தறி ஓடறப்ப ரெண்டு காதையும் உள்ளங்கையால பொத்தி எடுங்க. பொத்துனா சத்தம் நல்லா கொறையுதுன்னா பிளக் சரியா உக்காரலைங்க, கழட்டி மறுபடி உருட்டுங்க.

ஃபோன் வந்தா வெளிய போய் பேசுங்க, உள்ளயே கழட்டாதீங்க. 30 டெசிபல் தடுக்கற பிளக்கா இருந்தாலும் 8 மணி நேரத்துல அரை மணி கழட்டுனா மொத்தமா பாத்தா 12தான் தேறும்.

கடைசியா ஆடியோகிராம், அதாவது காது எவ்ளோ கேக்குதுன்னு பாக்கற டெஸ்ட். காது மொதல்ல போறது 4000 ஹெர்ட்ஸ் பக்கம், அதாவது கீச்சுனு கேக்கற சத்தம், சாதாரண பேச்சு கேக்கறதால நமக்கே தெரியாது, காதுக்குள்ள சத்தத்தை உணர்ற மயிர் செல்லு போனா திரும்ப மொளைக்காது. ஈஎஸ்ஐ கார்டு இருந்தா டிஸ்பென்சரில கேளுங்க. ஞாயித்துக்கெழமை லீவு கழிச்சு திங்கக்கெழமை காலைல, தறி பக்கம் போகாம டெஸ்ட் எடுத்தாத்தான் கணக்கு சரியா வரும். ரிப்போர்ட்டை பத்திரமா வெச்சுக்கங்க, சத்தத்தால காது போறது நஷ்டஈடு சட்டத்துல தொழில் நோயா இருக்குது, கேக்கறப்ப அந்த பழைய பேப்பர்தான் வேணும்.