சைக்கிளில் மிட்-டிரைவ் மோட்டார் பொருத்துவது எப்படி: உதிரி பாகங்கள், பேட்டரி, மாட்டும் முறை

மிட்-டிரைவ் மோட்டார் பெடல் அச்சு இருக்கும் இடத்தில் உட்கார்ந்து, சைக்கிளின் சொந்தச் செயின் வழியாகவே பின்சக்கரத்தை இழுக்கிறது. நீங்கள் கியரை மாற்றினால் மோட்டாருக்கும் கியர் மாறும். அதனால்தான் 250 வாட் மோட்டார்கூட ஏற்காடு மாதிரியான மலைப்பாதையில் சளைக்காமல் ஏறுகிறது. அதே வாட் கொண்ட ஹப் மோட்டார் (சக்கரத்தின் நடுவிலேயே இருக்கும் மோட்டார்) அங்கே மெதுவாகச் சுழன்று சூடாகித் திணறும். ஆனால் சுமை முழுவதும் செயின்மேல் விழும், செயினும் பற்சக்கரங்களும் சீக்கிரம் தேயும். சமவெளியில் மட்டும் ஓட்டுபவர்களுக்கு ஹப் மோட்டாரே போதும், செலவும் குறைவு.

இங்கே எடுத்துக்கொள்வது பஃபாங் நிறுவனத்தின் பி.பி.எஸ். 01, 36 வோல்ட், 250 வாட் கிட். 750 வாட் பி.பி.எஸ். 02 மாட்டும் முறையும் இதேதான். ஆனால் இந்தியாவில் மோட்டார் திறன் 0.25 கிலோவாட்டுக்குள்ளும் வேகம் மணிக்கு 25 கி.மீ.க்குள்ளும் இருந்தால்தான் பதிவு, உரிமம் இல்லாத சைக்கிள் கணக்கில் வரும். ஆர்டர் போடும் முன் இதை முடிவு செய்துகொள்ளுங்கள்.

முதலில் அளவு, பிறகு ஆர்டர்

பெரும்பாலோர் மோட்டாரை வாங்கிவிட்டுத்தான் சைக்கிளைப் பார்க்கிறார்கள். பணம் வீணாவது அங்கேதான். பெடல் அச்சு நுழையும் குழாயின் (பி.பி. ஷெல்) அகலத்தை வெர்னியர் காலிப்பரால் அளந்துகொள்ளுங்கள். 68 அல்லது 73 மி.மீ. இருந்தால் சாதாரண கிட் பொருந்தும். மோட்டாரின் குழாய் விட்டம் 33.5 மி.மீ. சுற்றி இருப்பதால், 1.37 அங்குல மரை கொண்ட வழக்கமான ஷெல்லுக்குள் அது மயிரிழை இடைவெளியில்தான் நுழையும். பிரெஸ்-ஃபிட் வகை (மரை இல்லாமல் அழுத்திப் பொருத்தும்) ஷெல்லுக்குத் தனி அடாப்டர் வேண்டும்.

மலிவான ஸ்டீல் ஃபிரேம்களில் ஷெல்லின் உட்புறம் வெல்டிங் பிசிறு நீட்டிக்கொண்டிருக்கும். விரலை உள்ளே விட்டுத் தடவினாலே தெரியும். உருண்டை அரத்தால் பிசிறை மட்டும் எடுத்து, உப்புத்தாளால் வழவழப்பாக்குங்கள். மோட்டாரைச் சுத்தியலால் அடித்து நுழைக்கவே கூடாது. ஷெல்லின் அடியில் கியர் கேபிளுக்கான பிளாஸ்டிக் வழிகாட்டி இருந்தால் மோட்டார் உடல் அதில் முட்டும். அதைக் கழற்றி, கேபிளுக்கு முழுநீள உறை போட்டு வேறு வழியில் கொண்டுபோகலாம். வலதுபக்கச் செயின்ஸ்டே (ஷெல்லிலிருந்து பின்சக்கர அச்சுக்குப் போகும் குழாய்) வெளியே புடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். மோட்டாரின் கியர் பெட்டி அந்த இடத்தில்தான் வரும்.

பழைய கறுப்பு ரோட்ஸ்டர் சைக்கிள்களைத் தொட வேண்டாம். ராடு பிரேக்கும் ஒற்றைக் கியரும் வைத்துக்கொண்டு மிட்-டிரைவ் போடுவதில் பொருளே இல்லை. 7 கியர், டிஸ்க் அல்லது நல்ல வி-பிரேக் உள்ள எம்.டி.பி. (மலைப்பாதை) சைக்கிள்தான் சரி.

பேட்டரி

பேட்டரியை விமானத்தில் அனுப்ப ஆபத்துப் பொருள் விதிகள் உண்டு. அதனால் வெளிநாட்டிலிருந்து வரும் கிட் பெரும்பாலும் பேட்டரி இல்லாமலே வரும். செல், பி.எம்.எஸ். (செல்களைக் கண்காணித்துக் காக்கும் மின்பலகை), நிக்கல் பட்டை, கனெக்டர் எல்லாம் சென்னை ரிச்சி தெரு மாதிரியான எலக்ட்ரானிக்ஸ் சந்தையில் கிடைக்கும். நாமே கட்டுவதென்றால் நம் வெயிலுக்கு லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல்தான் எங்கள் தேர்வு. எடை கூடினாலும், மற்ற லித்தியம் வகைகளைப்போல் எளிதில் தீப்பிடிக்காது.

6 ஆம்பியர்-மணி 32700 அளவு (32 மி.மீ. விட்டம், 70 மி.மீ. நீளம்) செல் 24 வாங்கி, இரண்டிரண்டாகப் பக்க இணைப்பில் சேர்த்து, அந்த 12 ஜோடிகளையும் தொடர் இணைப்பில் 12 வரிசையாகக் கட்டினால் 38.4 வோல்ட், 12 ஆம்பியர்-மணி, ஏறக்குறைய 460 வாட்-மணி. எடை மூன்றரை கிலோ. நீங்களும் மிதித்தால் கி.மீ.க்கு 10 முதல் 12 வாட்-மணி போகும், 35 கி.மீ. நம்பி ஓட்டலாம். கட்டும் முன் ஒவ்வொரு செல்லின் வோல்டேஜையும் உள்தடையையும் அளந்து, கூட்டத்தோடு ஒத்துப்போகாததை ஒதுக்கிவிடுங்கள். ஒரு செல் மெலிந்தால் அந்த வரிசைதான் மொத்த பேட்டரியையும் முன்கூட்டியே நிறுத்தும்.

நிக்கல் பட்டையில் ஏமாற்று அதிகம். முலாம் பூசிய இரும்பை நிக்கல் என்று விற்பார்கள். ஒரு துண்டைக் கத்தியால் கீறி உப்புத் தண்ணீரில் இரவு முழுவதும் போட்டு வையுங்கள். கீறலில் துரு வந்தால் அது இரும்பு. 0.2 மி.மீ. தடிமன், 10 மி.மீ. அகலப் பட்டையை வரிசை இணைப்புகளில் இரண்டடுக்காக ஸ்பாட் வெல்டிங் செய்யுங்கள். செல்லில் நேரடியாக ஈயம் பற்றவைத்தால் உள்ளிருக்கும் சீல் கெடும்.

பி.எம்.எஸ். 12 வரிசைக்கானதாக, பாஸ்பேட் வகைக்கென்றே செய்யப்பட்டதாக, 25 அல்லது 30 ஆம்பியரில் இருக்கட்டும். சார்ஜர் 43.8 வோல்ட். 42 வோல்ட் சார்ஜரும் கிட்டத்தட்ட முழுவதும் ஏற்றும், ஆனால் செல்லுக்கு 3.5 வோல்ட்டிலேயே நின்றுவிடுவதால் பல பி.எம்.எஸ்.களில் செல்களின் வோல்டேஜைச் சமப்படுத்தும் வேலை நடக்காது. ஃப்யூஸ் விஷயத்தில் கவனம்: கார் கடையில் கிடைக்கும் சாதாரண பிளேடு ஃப்யூஸ் 32 வோல்ட்டுக்கானது. 42 வோல்ட்டில் அது எரிந்தாலும் பொறி தொடர்ந்து ஓடக்கூடும். 58 வோல்ட் என்று குறித்த 30 ஆம்பியர் ஃப்யூஸ் வாங்குங்கள். கம்பி 2.5 சதுர மி.மீ. செம்பு, சிலிக்கான் உறை, கனெக்டர் எக்ஸ்.டி. 60 போதும்.

மாட்டுவது

இடதுபெடல் இடமரை (கடிகாரச் சுற்றில் திருப்பினால் கழலும்), வலதுபெடல் வலமரை. பெடலைக் கழற்றியதும் கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) போல்ட்டை எடுத்து, அதை இழுத்துக் கழற்றும் கருவியான கிராங்க் புல்லரை முழு மரையும் பிடிக்கும்வரை கையால் திருகிய பிறகே ஸ்பேனர் போடுங்கள். பாதி மரையில் இழுத்தால் கிராங்க் மரை பிய்ந்துவிடும். பெடல் அச்சைத் தாங்கும் வலதுபக்கக் கிண்ணம் இடமரை. அதைக் கழற்ற வலப்பக்கமாகவே (கடிகாரச் சுற்றில்) திருப்ப வேண்டும். துருப்பிடித்திருந்தால் முந்தைய நாளே எண்ணெய் விட்டு வையுங்கள்.

ஷெல்லுக்குள் மெல்லிய கிரீஸ் தடவி, மோட்டாரை வலதுபக்கத்திலிருந்து உள்ளே செலுத்துங்கள். மோட்டார் ஓடும்போது அதன் உடல் மேல்நோக்கித் திரும்பி ஃபிரேமில் முட்டப் பார்க்கும். ஆகவே டவுன் டியூபுக்கும் (ஹேண்டில்பார் பக்கத்திலிருந்து ஷெல்லுக்கு இறங்கும் குழாய்) மோட்டாருக்கும் நடுவே ஒரு ரப்பர் துண்டு வைத்து, மோட்டாரை இப்போதே மேலே தள்ளிப் பிடித்துக்கொள்ளுங்கள். இடதுபக்கத்தில் பிடிப்புத் தகட்டின் பல் உள்ள முகம் ஷெல்லைப் பார்க்கட்டும். முதலில் பெரிய நட்டு, பிறகே சிறிய போல்ட்டுகள். வரிசை மாறினால் தகடு சாய்ந்து, இறுகாத நட்டு இறுகியதுபோலத் தெரியும்.

பெரிய நட்டுக்கு 40 நியூட்டன் மீட்டர் இறுக்கம் தேவை. டார்க் ரெஞ்ச் இல்லையென்றால், 25 செ.மீ. கைப்பிடியின் நுனியில் 16 கிலோ எடை தொங்குமளவு அழுத்தம். அதற்குமேல் பூட்டு வளையம். இந்த நட்டுக்கான ஸ்பேனரை கிட்டோடு சேர்த்தே வாங்குங்கள். இடுக்கியால் இறுக்கிய நட்டு 50 கி.மீ. தாங்காது.

வயர் கட்டும்போது ஒவ்வொரு கனெக்டருக்கும் முன்னால் வயரைச் சற்றுக் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றுங்கள், மழைநீர் வளைவிலேயே சொட்டிவிடும். ஸ்போக்ஸில் மாட்டும் காந்தத்துக்கும் வேக சென்சாருக்கும் 5 மி.மீ. இடைவெளி விடுங்கள். டிஸ்ப்ளேயில் பிழை 21 வந்தால் பெரும்பாலும் காந்தம் நகர்ந்திருக்கும். டிஸ்ப்ளேயின் பேட்டரி அளவை நம்ப வேண்டாம். பாஸ்பேட் செல்லின் வோல்டேஜ் கடைசிவரை ஒரே மட்டத்தில் நின்று திடீரென விழும், ஓடிய கி.மீ. கணக்குதான் துணை. வேக வரம்பை 25-க்கு அமையுங்கள்.

ஓட்டும் கியர்

முன்னால் 44 பல், 26 அங்குலச் சக்கரம் என்றால், பின்னால் 18 பல்லில் 25 கி.மீ. வேகத்துக்கு நிமிடத்துக்கு 83 மிதி (பெடலின் முழுச் சுற்று). மோட்டாருக்கு இது சுகமான சுழற்சி. ஏற்றத்துக்கு 14-34 ஃப்ரீவீல் (14 முதல் 34 பல் வரையான பின்பற்சக்கரத் தொகுதி) போடுங்கள். 34 பல்லில் 12 கி.மீ. வேகத்தில்கூட 75 மிதி கிடைக்கும். பின்னால் சிறிய பற்சக்கரத்தில் மலை ஏறினால் மோட்டார் மெதுவாகச் சுழன்று, மின்சாரம் வெப்பமாகவே போகும். முதலில் கன்ட்ரோலர் (மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி), பிறகு கியர் பெட்டியின் நைலான் பல்சக்கரம் என்று போகும்.

மோட்டார் இழுத்துக்கொண்டிருக்கும்போது கியர் மாற்றுவதுதான் செயின் அறுவதற்கு முதல் காரணம். கியர் மாறும் கணத்தில் மோட்டாரை நிறுத்தும் கியர் சென்சார் போடலாம். இல்லையென்றால் மோட்டாரை நிறுத்தும் சுவிட்ச் உள்ள பிரேக் லீவரை லேசாகத் தொட்டு மோட்டாரை நிறுத்திவிட்டு மாற்றுங்கள்.

முதல் 50 கி.மீ. ஆனதும் பெரிய நட்டைத் திரும்ப இறுக்குங்கள், 150-இல் இன்னொரு முறை. மாதம் ஒருமுறை ஸ்டீல் ஸ்கேலால் செயினை அளந்துபாருங்கள். 12 அங்குலம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு அங்குலத்தில் 16-இல் ஒரு பங்கு கூடியிருந்தால் செயினை மட்டும் மாற்றினால் போதும். 8-இல் ஒரு பங்கு கூடும்வரை விட்டால் ஃப்ரீவீலையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும்.