14 வயது றக்பி அணி: பெரிய உடம்பை மட்டும் நம்பாதீர்கள்

இலங்கைப் பாடசாலைகளில் 14 வயதுக்குட்பட்ட அணிக்கு ஆள் எடுக்கும்போது கண் முதலில் போவது உயரமான பையன் மீதுதான். பெரும்பாலும் அவன் முந்தி வளர்ந்தவன். 17 வயதில் மற்றவர்கள் எட்டிப்பிடித்ததும், முட்டி மோதியே பழகியவனிடம் வேறு வித்தை இருக்காது.

பெயர்ப்பட்டியலைப் பிறந்த மாத வரிசையில் எழுதுங்கள். வயதெல்லைத் திகதியை அடுத்த முதல் மூன்று மாதங்களில் பிறந்தவர்களே, அதாவது வயதில் மூத்தவர்களே, நிறைந்திருந்தால் தேர்வு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. பயிற்சிக்கு உயரம், எடை பார்த்துக் குழு பிரியுங்கள். பந்து 4ஆம் அளவு. 5 சின்னக் கைக்கு அடங்காது, பாஸ் கெடும்.

தேர்வன்று 5க்கு 5 ஆட்டம், 8 நிமிடம் வீதம். இரு பக்கமும் பாஸ் போகிறதா, பந்தில்லாதபோது எங்கே ஓடுகிறான், விழுந்ததும் எவ்வளவு விரைவாக எழுகிறான் என்று பாருங்கள். பந்து வைத்திருப்பவனைப் பிடித்து வீழ்த்தும் டாக்கிளில், பிடிப்பவனின் தலை எதிராளியின் பின்பக்கம் இருக்க வேண்டும். முன்னால் வைத்தால் முழங்காலோ இடுப்போ தலையில் இடிக்கும். அப்படி வைப்பவனை நடை வேகத்துக்கு இறக்கித் திருத்துங்கள். தலையில் அடி என்று சந்தேகம் வந்தாலே அந்தப் பையனுக்கு அன்றைய ஆட்டம் முடிந்தது, இறுதிப் போட்டியானாலும் சரி.

விடுபட்டவர்களைக் கழகப் பயிற்சிக்கு அனுப்பி, அடுத்த தவணையில் மறுபடி பாருங்கள்.