மணி அடித்ததும் பாயும் நாயை உட்கார வைத்த முறை

விருந்தாளி மேல் பாயும் நாயை அதட்டிப் பயனில்லை. அதட்டலும் தள்ளலும் அதற்குக் கவனிப்புதான். பாய்ந்தால் கவனிப்பு கிடைக்கும் என்றே கற்றுக்கொள்ளும். எங்கள் வீட்டில் பலித்தது இது.

கோழி நெஞ்சுக்கறியை உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்து, அரைக் கொண்டைக்கடலை அளவுக்கு நறுக்கவும். வெங்காயம், பூண்டு சேரவே கூடாது, நாய்க்கு நஞ்சு. முதலில் மணி இல்லாமல் "உட்கார்" பழக்கம். பின்பகுதி தரையைத் தொட்ட கணமே "சபாஷ்", ஒரு நொடிக்குள் துண்டு வாயில். தாமதித்தால் எழுந்துவிடும், எழுந்ததற்குப் பரிசு என்றாகிவிடும். ஒரு தடவைக்கு 10 முறை, நாளுக்கு 3 தடவை, சாப்பாட்டுக்கு முன்.

பிறகு வீட்டு ஆள் ஒருவர் வெளியே போய் மணி அடிக்கட்டும். உட்கார்ந்தால் துண்டு. பாய்ந்தால் வந்தவர் முதுகைக் காட்டி நிற்பார்; பேச்சு, பார்வை, தொடுதல் எதுவும் கிடையாது.

நடுவில் சில நாள் பாய்ச்சல் கூடும். பழைய வழி பலிக்காததால் இன்னும் பலமாக முயல்கிறது. இங்கேதான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒருவர் மட்டும் "பாவம்" என்று கொஞ்சினாலும் உழைப்பு வீண். எப்போதாவது கிடைக்கும் பரிசுதான் பழக்கத்தை ஆழமாக ஊன்றும். அதனால் ஆட்களையும் பழக்க வேண்டியிருந்தது. கொஞ்சாமல் திரும்பி நின்ற பாட்டிக்கு அங்கேயே நன்றி சொன்னோம்; கொஞ்சியபோது குறை சொல்லவில்லை. திட்டியிருந்தால் ஒளிந்து கொஞ்சியிருப்பார்.

நன்றாகப் பதிந்தபின் துண்டை 2 முறைக்கு ஒன்று, 4 முறைக்கு ஒன்று எனக் குறைக்கலாம். பாராட்டைக் குறைக்க வேண்டாம். கொடுத்த கறிக்கு ஈடாகச் சாப்பாட்டில் கழித்துக்கொள்ளவும்.